அம்மாவுக்கு யார் பாடுவது

என் அண்ணி புஷ்பலதாவைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்லவிதமாகத்தான் சொல்வார்கள். சேலையூரில் எங்கள் தெருவுக்கு வரும் காய்கறி வண்டிக்காரரில் தொடங்கி பிள்ளையார் கோயில் குருக்கள் வரைக்கும் எல்லாருக்கும் அவள் ‘நம்ம புஷ்பா’. அதனால்தான் அவளைப் பற்றி நான் எழுத வேண்டியிருக்கிறது. இருபத்தாறு வருஷமாக அவளைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருப்பவள் நான் ஒருத்திதான். பொறாமைப்படுகிறவள் கவனிக்கிற அளவுக்கு வேறு யாரும் ஒரு ஆளைக் கவனிப்பதில்லை.

அவள் கோவளம் பக்கத்துக் குப்பத்துப் பெண். அப்பா பூவராகன் கட்டுமரத்தில் போனவர். தாம்பரம் சானடோரியத்தில் ஒரு தையல் கம்பெனியில் அவள் வேலை பார்த்தாள். என் அண்ணன் லோகநாதன் அந்தக் கம்பெனிக்கு வேன் விட்டிருந்தான். பிறகு என்ன, வேனில் ஏறியவள் வீட்டில் இறங்கினாள். நாங்கள் நிலம் வைத்திருந்த குடும்பம். நெல் விளைந்த இடத்தில் எல்லாம் இப்போது அடுக்குமாடி நிற்கிறது என்றாலும், அந்தத் திமிர் மட்டும் விலைக்குப் போகாமல் அம்மாவிடமே இருந்தது. அம்மா பெயர் தனக்கோடி. “மீன்கூடை வீட்டுப் பொண்ணு என் அடுப்பைத் தொடக்கூடாது” என்று சொல்லிவிட்டாள். ஆறு வருஷம் அண்ணி பின்பக்கம் தனியாகச் சமைத்தாள். நான் மேடவாக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள், வாரம் தவறாமல் அம்மாவைப் பார்க்க வருவேன். கூடத்தில் உட்கார்ந்து அம்மா கையால் சாப்பிடுவேன். பின்பக்கத்தில் அண்ணியின் ஸ்டவ் சத்தம் கேட்கும். உண்மையைச் சொல்வதென்றால், சாப்பாடு இன்னும் ருசியாக இருக்கும்.

அம்மாவிடம் ஒரு தாலாட்டு இருந்தது. எனக்காகவே அவள் கட்டியது.

“அடுப்புல ஒலை கொதிச்சாலும் அழுத கொரல் கேட்டாக்கா
புடிச்ச கரண்டியோட ஓடியாருவேன் கண்ணே”

பாடி முடித்ததும் என் கன்னத்தை வழித்து நெற்றியில் விரல்களை நெரித்துத் திருஷ்டி கழிப்பாளாம். தொட்டில் கட்டியிருக்கிற வீட்டில் விளக்கை ‘அணை’ என்றுகூடச் சொல்ல விடமாட்டாள், ‘குளிர வை’ என்றுதான் சொல்ல வேண்டும். சாவுக்குக் காது உண்டு, பிள்ளை இருக்கிற பக்கம் அதன் பேரை எடுத்தால் திரும்பிப் பார்க்கும் என்பது அவள் கணக்கு. எனக்கு எட்டு வயதாகியும் காய்ச்சல் வந்தால் அதைப் பாடித்தான் தூங்க வைத்தாள். அந்தக் கரண்டிப் பாட்டு என் சொத்து. அதில் யாருக்கும் பங்கு கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அப்பா போனார்.

எங்கள் பக்கத்தில் அப்பனோ ஆத்தாளோ போனால் மகள் வந்துதான் ஒப்பாரியை எடுக்க வேண்டும். மற்றவர்கள் அதற்குப் பிறகு சேர்ந்துகொள்வார்கள். மகள் பாடும்போது யாரைக் குறை சொன்னாலும் திருப்பிக் கேட்கக் கூடாது, அது அவளுடைய உரிமை. ஊரே எனக்காகக் காத்திருந்தது. கேம்ப் ரோட்டு நெரிசலில் அரை மணி நேரம் மாட்டி, ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடி வந்து அப்பா தலைமாட்டில் விழுந்தேன். வாயைத் திறந்தேன். “அப்பா, அப்பா” என்று விக்கல்தான் வந்தது. நான் கான்வென்டில் படித்தவள். எனக்குத் தெரிந்ததெல்லாம் சினிமாப் பாட்டுதான். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி தொண்டையைக் கனைத்தாள்.

அப்போதுதான் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றிருந்த புஷ்பலதா வந்து உட்கார்ந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள் பாருங்கள்.

“யாரும் வாங்காத தண்ணிய எங்கையில வாங்கினியே
தாகம் எடுக்கலையோ மாமா, தம்ளரோட நிக்கிறனே”

வாசலில் மேளம் அடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அந்த வீட்டில் அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்த ஒரே ஆள் அப்பாதான். அது எல்லாருக்கும் தெரியும், அம்மாவுக்கு நன்றாகவே தெரியும். அம்மா மெதுவாக நகர்ந்து போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவள் தோளில் தலையை முட்டி அழுதாள். ஒரு அடி தள்ளி நான் உட்கார்ந்திருந்தேன். என் கழுத்து சும்மாதான் இருந்தது.

காரியம் முடிந்த மறுநாள் அண்ணி அடுப்படிக்குள் போனாள். அடுத்த வருஷம் அவளுக்கு மாளவிகா பிறந்தாள். அம்மா தொட்டில் கட்டி, என் கரண்டிப் பாட்டை, அதே வரியை, அதே ராகத்தில் அந்தக் குழந்தைக்குப் பாடினாள். அண்ணி ஒரு நாளும் தாலாட்டுப் பாடியதில்லை. வேலையெல்லாம் போட்டுவிட்டு நிலைப்படியோரம் உட்கார்ந்து, வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு, அம்மா பாடுவதைக் கேட்பாள். என் பாட்டைத் திருடிக்கொள்ளத்தான் இப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அம்மாவுக்கு அப்போதிலிருந்து ஒரு பேச்சு பிடித்துக்கொண்டது. “நான் போகும்போது புஷ்பாதான் பாடணும்.” கத்தரிக்காய் முற்றல் என்று சொல்கிற குரலில் இதையும் சொல்வாள். என்னிடமே சொல்வாள்.

“நான் எதுக்கு இருக்கேன்? உனக்கு நான்தானே பொண்ணு?” என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன்.

“நீ சும்மா இரு. அதுதான் நீ எனக்குச் செய்யற உதவி.”

மூக்குடைந்து வீட்டுக்கு வந்தேன். அப்பாவுக்குப் பாடத் தெரியாமல் விக்கியதை அவள் மறக்கவில்லை என்று புரிந்துகொண்டேன். பெற்ற மகள் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது மருமகள் பாடினால் ஊர் என்ன பேசும்?

அண்ணிக்கு நாளாக ஆகப் பேர் கூடிக்கொண்டே போனது. மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் என்று எங்கே சாவு விழுந்தாலும் கூப்பிட்டார்கள். போவாள், பாடுவாள், அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் திரும்புவாள், பின்பக்கம் தலைக்கு ஊற்றிக்கொண்டு நேராக வந்து பருப்பு வேகப் போடுவாள். பாடினதற்கான ஒரு சுவடும் முகத்தில் இருக்காது. ஒரு நாள் இறால் உரித்துக்கொண்டிருந்தவளிடம், “உங்களுக்குப் பயமே இல்லையா அண்ணி? பிள்ளை இருக்கிற வீட்டுலேர்ந்து போயிட்டு வரீங்க” என்று வேண்டுமென்றே கேட்டேன்.

“இன்னாத்துக்கு பயம்? என்னத் தூங்க வெச்சதே ஒப்பாரிதான் சந்திரிகா” என்றாள். “எங்கம்மா என்னப் பெத்த ஏழாம் நாளு பூட்ச்சு. எங்க பெரிம்மா அங்காளம்மா இல்ல, அது என்ன மடில போட்டுகினு பதினாறு நாளும் அயுதுகினே கீது. நான் அது மடிலயே தூங்கிகினு கீறேன். அப்பால வேற எத்தப் பாடினாலும் தூங்கமாட்டேனாம். ரெண்டு வயசு வரைக்கும் எங்கம்மாவோட ஒப்பாரியத்தான் எனக்குப் பாடிச்சாம்.”

கேட்டவளுக்கு மனசு கரைய வேண்டுமா இல்லையா? எனக்குக் கரையவில்லை. “அதான் உங்க குரல் கேட்டாலே எழவு வீட்டு ஊதுவத்தி வாசனை வருது” என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்துவிட்டு, இறால் தலையை ஒதுக்கி வைத்தாள். அவளிடம் எனக்குப் பிடிக்காதது இதுதான். திட்டினால் திருப்பித் திட்டவும் தெரியாது.

போன வருஷம் ஆவணியில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். எலும்பு ஒன்றும் முறியவில்லை, ஆனால் எழுபத்தெட்டு வயது. நாள் அதிகம் இல்லை என்று எனக்குத் தோன்றியது. இந்தத் தடவை விடுவதில்லை என்று முடிவு செய்தேன். அம்மாவுக்கு நானே பாட வேண்டும். அதை முன்கூட்டியே தயார் பண்ண வேண்டும்.

சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக்கூடாது. அதனால் என் வீட்டுக்காரர் வேதாசலம் காலையில் பைக்கில் கிளம்பியதும், எங்கள் அடுக்குமாடியின் அடித்தளத்தில் நிற்கும் காரில் ஏறி, கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டுப் பாடிப் பார்ப்பேன். அவர் சிறுசேரி கம்பெனிகளுக்கு வாடகைக் கார்கள் அனுப்புகிற தொழில் செய்கிறார். அவருடைய டைரியில்தான் வரிகளை எழுதினேன். எழுத உட்கார்ந்ததும்தான் ஒன்று உறைத்தது. எனக்கு ஒப்பாரி தெரியாது, தெரிந்தது அம்மாவின் தாலாட்டு மட்டும்தான். அதைத்தான் திருப்பிப் போட்டேன். தாலாட்டில் மாமன் வருவான், அத்தை வருவாள், எல்லாரும் ஏதாவது வாங்கிக்கொண்டு வருவார்கள். ஒப்பாரியில் அதே ஆட்கள் தாமதமாக வருகிறார்கள், அவ்வளவுதான். அங்கே தூங்கு என்கிறோம், இங்கே எழுந்திரு என்கிறோம். கண்ணே பொன்னே எல்லாம் இரண்டிலும் உண்டு.

காரில் அழுதுகொண்டிருந்ததை இரண்டு மூன்று பேர் பார்த்துவிட்டார்கள் போலிருக்கிறது. காவலாளி ஷெர்வின் கண்ணாடியைத் தட்டி, “மேடம், எதுனா பிரச்சனையா?” என்று கேட்டார். சங்கத்துச் செயலாளர் என் வீட்டுக்காரரைத் தனியே அழைத்துப் போய், வீட்டில் பெண்களிடம் பொறுமையாக இருக்க வேண்டும் என்று அறிவுரை சொன்னாராம். பாவம், அவர் இன்றைக்கும் அது எதற்கென்று தெரியாமல் இருக்கிறார்.

நாலு மாதத்தில் பாட்டு நன்றாகவே வந்தது. நானே கேட்டு நானே அழுதேன். எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு நாள் காலை பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பிக்கொள்வதாக நினைத்துப் பதிவு செய்து அனுப்பினேன். தொண்டை கட்டியிருந்தது. மாடிக்கு வந்து சுக்குத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

எழுந்து பார்த்தால் நாற்பத்தொரு தவறிய அழைப்புகள். பாட்டு எனக்கு வரவில்லை. ‘சேலையூர் சொந்தங்கள்’ குழுவுக்குப் போயிருந்தது. அதில் அறுபத்து நாலு பேர்.

எங்கள் சொந்தத்தில் ஒப்பாரியைப் பாடிப் பழகுவாள் ஒருத்தி என்று யாருக்குத் தோன்றும்? மகள் அழுகிறாள், “எம்மா எழுந்திரு” என்கிறாள், அப்படியென்றால் தனக்கோடி போய்விட்டாள். சித்தப்பா மகன் உமேஷ் எதிலும் முந்திக்கொள்கிறவன். பாட்டை முழுசாகக்கூடக் கேட்காமல் ஐஸ் பெட்டிக்குச் சொல்லிவிட்டான். பெட்டி வண்டி வந்து நின்றபோது அம்மா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாளாம்.

“யாருக்குப்பா இது?”

“தனக்கோடி அம்மான்னு ஒருத்தங்க தவறிட்டாங்களாம்மா. வூடு இதானே?”

“வீடு இதுதான். தனக்கோடியும் நான்தான். இப்ப வேண்டாம், எடுத்துட்டுப் போங்க. அப்புறமா கூப்பிடறோம்.”

நான் போய்ச் சேர்ந்தபோது தெருவெல்லாம் செருப்பு. மாலையோடு வந்தவர்கள் மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி எல்லாருக்கும் காப்பி கலந்துகொண்டிருந்தாள். நடுக்கூடத்தில் நாற்காலியில் அம்மா. என்னைக் கண்டதும், “வாடி என் பாட்டுக்காரி” என்றாள். பிறகு உமேஷிடம், “அதைப் போடுடா. எனக்காகப் பாடினது, நான் கேட்க வேண்டாமா?” என்றாள்.

நிலம் பிளந்து விழுங்காதா என்றிருந்தது. ஏனென்றால் மகள் என்கிற உரிமையில் நான் அதில் யாரையும் விட்டுவைக்கவில்லை. உமேஷ் சத்தத்தைக் கூட்டி வைத்தான்.

“கடலோரம் வந்த காத்து கதவத் தொறந்திருச்சே
கதவுக்குள்ள பொறந்த நானு கால்கடுக்க நின்னேனே
பெத்த மக நானிருக்க பின்னால வந்தவளுக்கு
மெத்த விரிச்சாப்பல மடியத் தந்தியே எம்மா”

கடலோரத்துக் காற்று யார் என்று யாரும் கேட்கவில்லை. காப்பித் தட்டோடு அண்ணி நின்ற இடத்திலேயே நின்றாள். நாலு நிமிஷமும் அம்மா கண்ணை எடுக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்தது.

“நல்லாத்தான் பாடியிருக்கே” என்றாள். “ஆனா நீ பாடக்கூடாது.”

“ஏம்மா? இப்பவும் அவங்கதானா?” அத்தனை பேர் எதிரில், ஐம்பத்திரண்டு வயதில், நான் அழுதுவிட்டேன்.

அம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். விழுந்ததிலிருந்து யார் உதவியும் இல்லாமல் அவள் எழுந்ததில்லை. என்னிடம் வந்து முந்தானையால் என் மூக்கைத் துடைத்தாள்.

“பாத்தியா? இதுக்குத்தான் சொன்னேன். பிடிச்ச கரண்டியோட ஓடி வருவேன்னு சொல்லிச் சொல்லித்தானே உன்னைத் தூங்க வெச்சேன். நீ அழுதா நான் எப்படிடி படுத்துக் கெடப்பேன்? போற நேரத்துல என்னை எழுப்பாதே. புஷ்பா பாடினா நான் நிம்மதியாப் போயிடுவேன்.”

இருபது வருஷம் நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன். என் விக்கலுக்காக அவள் என்னை ஒதுக்கவில்லை. நான் நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்பதை மறைப்பானேன், ஜெயித்ததைக் காட்டத்தான் பார்த்தேன். அண்ணியின் முகம் சுண்டிப் போயிருந்தது. கண் என்மேல் இருந்தது, அம்மாவின் முந்தானை பட்ட என் மூக்கின்மேல். அந்தப் பார்வை எனக்குப் புதிது இல்லை. கண்ணாடியில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அவள் குரலுக்கு நிம்மதியாகப் போய்விடலாம், என் குரலுக்குத்தான் போக முடியாது. அவள் அழுதால் எழுந்து வர யாரும் இருந்ததில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் உள்ளே போனாள். சந்தோஷமாக இருந்தது எனக்கு. வெட்கமாகவும் இருந்தது, ஆனால் சந்தோஷம்தான் அதிகம்.

அதற்குப் பிறகு அம்மா ஏழு மாதம் இருந்தாள். ஆடியில் ஒரு நாள் காலையில் காப்பியைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைக்கச் சொல்லி அண்ணியிடம் கொடுத்தாளாம். அவ்வளவுதான். அண்ணன் போன் செய்தபோது நான் நம்பவில்லை. போன தடவை என் பாட்டை ஊர் நம்பியது, இந்தத் தடவை ஊரும் நம்பவில்லை. உமேஷ் நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் பெட்டிக்குச் சொன்னான்.

அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தேன். முந்தானையைப் பந்தாகச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எதிர்ப்பக்கத்தில் அண்ணி.

“பாடட்டா சந்திரிகா?” என்றாள்.

தலையை ஆட்டினேன். அதைவிடக் கஷ்டமான காரியம் என் வாழ்க்கையில் நான் செய்ததில்லை.

பாடினாள். இரண்டு அடி பாடிவிட்டு மூன்றாவதாக எடுத்தாள்.

“கடலோரம் வந்த காத்துக்குக் கதவத் தொறந்தவளே
கதவெல்லாம் தொறந்து கெடக்கு காத்து எங்க போவேன் எம்மா”

கூடம் முழுக்க அழுதது. அது என் வரி! காரில் உட்கார்ந்து நாலு மாதம் நான் கட்டிய வரி. அவளைக் குத்துவதற்காகச் செய்தது. அதை எடுத்துத் தன்னுடையதாக்கிக்கொண்டு அம்மாவின் காலில் வைத்துவிட்டாள். அறுபத்து நாலு பேர் கேட்டிருக்கிறார்கள், ஒருத்தருக்காவது ஞாபகம் இருந்ததா? என் பாட்டு, என் வரி, என் அம்மா, எல்லாம் அவளுக்கு.

வாயிலிருந்த முந்தானையை எடுத்தேன். என்னை எழுப்பாதே என்று அம்மா சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. இருந்தும் குனிந்து, கண்ணாடிப் பெட்டியின்மேல் கன்னத்தை வைத்து, தொட்டில் பிள்ளை அழுவதுபோல வாய்விட்டு அழுதேன். பார்க்கட்டும். அம்மா எனக்காக எழுந்து வருகிறவள் என்று இவள் பார்க்கட்டும்.

அண்ணியின் பாட்டு பாதியில் நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் காத்திருந்தாள். நான் இன்னும் சத்தமாக அழுதேன்.

அம்மா எழுந்து வரவில்லை. எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த அண்ணிதான் எழுந்து வந்தாள்.